அபாய வேளையும் கையிலுள்ள திறன்பேசியும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குளத்தூர் ஊராட்சி. ஒரு புறம் பாறசாலை. மறுபுறம் பூவாற்றில் கடலைச் சேரும் நெய்யாறு. தெற்கே பொழியூர்க் கடற்கரை. பொழியூர் மணலிலேயே நடந்து சென்றால் நீரோடி வந்துவிடும். அது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று இங்கு மாநில எல்லை வகுக்கப்பட்டது. ஆயினும் பெண் கொடுத்தலும் எடுத்தலும், சந்தைக்குப் போதலும், வங்கியில் கணக்கு வைத்தலும் இன்றுவரை எல்லை பார்த்து நடைபெறுவதில்லை. புயலும் அவ்வாறே.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இக்கரையோரத்தை அடியோடு உலுக்கியது. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே புயலாக வலுப்பெற்றது. அவ்வளவு விரைவான மாற்றம் நம் கடற்பகுதியில் அரிது. புயல் என்ற அறிவிப்பு நவம்பர் 30 அன்று வெளியானபோது, பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் முதலிய ஊர்களின் வள்ளங்களும் விசைப்படகுகளும் ஏற்கெனவே கடலில் இருந்தன. அவற்றில் இருந்தவர்களிடம் கைப்பேசிகள் இருந்தன. ஆனால் கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசிக் கோபுரத்தின் அலைகள் எட்டுவதில்லை. பல நாள்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்போர் அதைவிடப் பன்மடங்கு தொலைவு செல்பவர்கள். கரையில் எச்சரிக்கை இருந்தது. கடலில் கருவி இருந்தது. இரண்டையும் இணைக்கும் வழி இருக்கவில்லை. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன.

அவசர காலத்துக்கு உதவும் செயலிகளைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்விலிருந்தே தொடங்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். செயலிகளின் பட்டியலைத் தருவது எளிது. எது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை அறிந்து, அமைதியான ஒரு நாளில் அதற்கேற்ப ஆயத்தம் செய்து வைப்பதே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

கடலின் குறையைப் போக்க ஒக்கிக்குப் பின் சில முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2019 அக்டோபரில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து ‘ஜெமினி’ என்னும் சிறு கருவியை அறிமுகம் செய்தன. அது செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகச் செய்தியைப் பெற்று, புளூடூத் வழியாகத் திறன்பேசியிலுள்ள செயலிக்கு அனுப்பும். கோபுரம் தேவையில்லை. ஆயினும் அது ஒருவழிப் பாதை: படகு கேட்கலாம், பேச இயலாது. இக்குறையையும் நீக்கும் வகையில், படகிலிருந்தும் ஆபத்துச் செய்தி அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகளை ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இதன் மதிப்பீடு 364 கோடி ரூபாய். படகு உரிமையாளராக உள்ள நம் வாடிக்கையாளர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் இதுபற்றி விசாரித்துப் பெற்றுக்கொள்வது நன்று. கருவியைப் படகில் பொருத்தினால் போதாது. அதனுடன் இணையும் செயலியைப் படகில் செல்லும் ஒருவரேனும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை நம்மை வந்தடையும் வழிகள்

கரையில் உள்ளோருக்குக் கோபுரத்தின் அலை கிடைக்கிறது. எனினும் எச்சரிக்கை தானாக வந்து சேர்வதில்லை. காற்றோ மழையோ இன்றி, தெளிந்த வானத்தின்கீழ் கடல் திடீரெனப் பொங்கி உள்ளே ஏறுவதை இக்கரையோர மக்கள் ‘கள்ளக்கடல்’ என்பர். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயற்காற்று உண்டாக்கும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சில நாள்கள் கழித்து நம் கரையை வந்தடைவதே இதன் காரணம். கள்ளன் போல் சொல்லாமல் வருவதால் இப்பெயர். மீனவர் வழங்கிய இச்சொல்லையே கடலியலாளரும் ஏற்றுக்கொண்டுவிட்டனர். 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்ததும் இவ்வகையே.

அதே ஆண்டு மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரைக்கு வந்திருந்த பயிற்சி மருத்துவர்களுள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாள்களையொட்டிக் கேரளத்துக்கும் தென்தமிழகக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிட்டிருந்தது. வெளியூரிலிருந்து வருவோருக்குக் கடலின் அமைதியே அழைப்பாகத் தோன்றும். இம்மையத்தின் ‘சமுத்ரா’ செயலி பேரலை, கள்ளக்கடல், சுனாமி ஆகியவை பற்றிய எச்சரிக்கைகளைத் தருகிறது. கடற்கரைக்குப் புறப்படுமுன் அதைத் திறந்து பார்க்க அரை நிமிடம் போதும்.

மழை, வெள்ளம், புயல் என எல்லாவற்றுக்கும் பொதுவான செயலி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’. இருக்கும் இடத்துக்குரிய எச்சரிக்கையைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தரும். எல்லையோர வாசகர்களுக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. நாம் விரும்பும் மாவட்டங்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், குளத்தூரில் வசிப்பவர் திருவனந்தபுரத்துடன் கன்னியாகுமரியையும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை. மகள் கொல்லங்கோட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் அவ்வூர் எச்சரிக்கையும் தந்தையின் கைக்கு வரும். வீட்டிலுள்ள முதியவர் எம்மொழியை எழுத்துக் கூட்டி வாசிப்பாரோ, அம்மொழியை அவரது கைப்பேசியில் அமைத்துத் தருவது பிள்ளைகளின் பொறுப்பு. மலையாளம் பேசுவார், தமிழ்தான் வாசிப்பார் என்ற நிலையில் உள்ளோர் இப்பகுதியில் பலர்.

எச்சரிக்கையின் நிறங்களையும் அறிந்திருத்தல் நலம். இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரையிலான மழையைக் கனமழை என்கிறது, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. மழை முன்னறிவிப்பில் இவற்றுக்கு முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் குறிப்பது வழக்கம். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயற்படு என்பது பொருள். ஆரஞ்சு நிற நாளே நமக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது. சிவப்பு வந்தபின் மின்சாரம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒக்கியின்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. ஆகவே கைப்பேசிக்கும் பவர் பேங்குக்கும் முழு மின்னேற்றம் செய்வது ஆரஞ்சு நாளின் வேலை.

இடி மின்னலுக்குத் தனியே ‘தாமினி’ என்ற செயலியைப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியுள்ளது. நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் தோன்றுவதை அது காட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலத்திலும் பிற்பகலில் இடி முழங்கும் நெய்யாற்றின்கரைப் பகுதியில், இரப்பர்த் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்வோருக்கு இது பெரிதும் உதவும்.

எந்தச் செயலியும் இல்லாமலே வரும் எச்சரிக்கையும் உண்டு. 2023 அக்டோபரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் பலத்த ஒலியுடன் அலறியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அது கோபுர ஒலிபரப்பு முறையின் சோதனை. எண்களைத் தேடி ஒவ்வொன்றாக அனுப்பாமல், ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே கணத்தில் செய்தி செல்வதால் நெரிசலில் சிக்குவதில்லை. அச்சத்தத்தால் எரிச்சலுற்று அமைப்புகளில் அதனை அணைத்துவிட்டவர்கள் மீண்டும் இயக்கிவிட வேண்டுகிறோம்.

குளத்தூர் என்றால் எந்தக் குளத்தூர்?

உதவி கோரும்போது இடத்தைச் சரியாகச் சொல்வது பாதி உதவி. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கழக்கூட்டத்துக்கு அருகில் இன்னொரு குளத்தூர் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒன்று. கொல்லங்கோடும் அப்படியே, பாலக்காட்டிலும் அப்பெயரில் ஊர் உண்டு. போதாக்குறைக்கு, எல்லையோரத்துக் கைப்பேசி சில வேளை அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். 112-ஐ அழைத்தால் அழைப்பு அங்குள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லவும் கூடும். “குளத்தூரில் தண்ணீர் ஏறுகிறது” என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் என்ன செய்வார்? மாநிலம், மாவட்டம், வட்டம், ஊராட்சி, அருகிலுள்ள கோயில் அல்லது தேவாலயம் என்ற வரிசையில் சொல்லும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

‘112 இந்தியா’ செயலி அழைப்புடன் நம் இருப்பிடத்தையும் அனுப்புகிறது. அதில் பெயரையும் அவசரத் தொடர்பு எண்களையும் முன்னரே பதிவு செய்திருக்க வேண்டும். கைப்பேசியின் வகைக்கேற்ப, பவர் பொத்தானை மூன்று அல்லது ஐந்து முறை விரைந்து அழுத்தியும் அவசர அழைப்பைத் தொடுக்கலாம். இணையம் இல்லாதபோதும் திறன்பேசியின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளைக் கொண்டே இடத்தை அறியும் என்பதைப் பலர் அறியார். வரைபடச் செயலியில் நம் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால், அலை இல்லாத நேரத்திலும் அட்ச, தீர்க்க ரேகை எண்களைப் படித்துக் குறுஞ்செய்தியில் எழுதிவிடலாம். அலை ஒரு கணம் கிடைத்தாலும் அது போய்ச் சேரும். பொழியூர்ப் பகுதிக்கு அவ்வெண்கள் 8.3 வடக்கு, 77.1 கிழக்கு என்பதை ஒட்டி வரும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளம் இதன் இரு பக்கங்களையும் கண்டது. தன்னார்வலர்களும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் சேர்ந்து நடத்திய ‘கேரளா ரெஸ்க்யூ’ இணையதளத்தில் குவிந்த கோரிக்கைகள், சிக்கியிருந்தோரைத் தேடிச் செல்ல வழிகாட்டின. அதே வேளையில், மீட்கப்பட்டுவிட்டவர்களைப் பற்றிய பழைய செய்திகள் வாட்ஸ்அப்பில் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தன. நாளும் நேரமும் குறிக்காத செய்தியைப் பகிர்வது, வேறொருவருக்குச் செல்ல வேண்டிய படகைத் திசைதிருப்பக் கூடும். அப்படகுகளில் பல, திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரையிலிருந்து லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டவை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒக்கி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில் சென்றார்கள் அம்மீனவர்கள்.

கோபுரமே விழுந்துவிட்டால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் நின்றுவிட, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போனது. இத்தகைய நாள்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தையும் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறை வழி செய்வதுண்டு. கைப்பேசியில் வலைத்தொடர்புத் தேர்வு ‘தானியங்கி’ என்ற நிலையில் இருந்தால்தான் அது எளிதில் பயன்படும். முக்கியமான பத்து எண்களை ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வைப்பது பழைய முறைதான். மனைவியின் எண்ணையே மனப்பாடமாகச் சொல்ல இயலாதவர்களாக நாம் மாறிவிட்ட காலத்தில், அத்தாளுக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

பணமும் பத்திரங்களும்

இனி, நம் வங்கி நேரடியாகத் தொடர்புடைய செய்திகளுக்கு வருவோம்.

இணையம் இல்லாதபோது யு.பி.ஐ. செயலி பெரும்பாலும் பயன் தராது. ஆனால் சாதாரண அழைப்பு அலை இருந்தால் *99# என்ற எண்ணை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. தமிழிலும் மலையாளத்திலும் இச்சேவை கிடைக்கிறது. வங்கியில் பதிவான எண்ணிலிருந்து மட்டுமே இயங்கும் என்பதாலும், முதன்முறை டெபிட் அட்டை விவரத்தைக் கொடுத்து இரகசிய எண் அமைக்க வேண்டியிருப்பதாலும், இதை இன்றே ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது. கைப்பேசி நீரில் போய்விட்டால் புதிய கருவியில் வங்கிச் செயலியை மீண்டும் பதிவு செய்ய அந்த அட்டையே தேவைப்படும். கைப்பேசி உறைக்குள்ளேயே அட்டையைச் செருகி வைப்போர் இரண்டையும் ஒன்றாக இழப்பர். நான்கைந்து நாள் செலவுக்கான ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக வீட்டில் வைத்திருப்பதை வங்கியாகிய நாமே பரிந்துரைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏ.டி.எம். இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டுமே!

2018 வெள்ளம் வடிந்தபின், நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றைச் சேற்றில் இழந்தோருக்கு மறுபடி வழங்கக் கேரள அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. ‘டிஜிலாக்கர்’ செயலியில் வழங்கு துறையிடமிருந்தே பெறப்படும் ஆவணம் மூல ஆவணத்துக்கு இணையாகச் சட்டப்படி ஏற்கப்படுகிறது. நாமே படம் எடுத்து ஏற்றும் நகலுக்கு அத்தகுதி இல்லை; இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை ஒரு நாளை நினைவில் வைக்கலாம். பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில், 18 முதல் 70 வயது வரையுள்ளோருக்கு 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாயில், 18 முதல் 50 வயதினர் சேரலாம். இது எக்காரணத்தாலான இறப்புக்கும் உரியது. இரண்டின் காலமும் ஜூன் 1 தொடங்கி மே 31 முடிய. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கால் வைக்கும் வழக்கமான நாளும் ஜூன் 1 தான். மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கில் தொகை இல்லாததால் பிரீமியம் பிடித்தம் ஆகாமல், காப்பின்றி மழைக்காலத்தில் நுழைவோர் உண்டு. வங்கிச் செயலியில் கணக்கு அறிக்கையைத் திறந்து, இவ்வாண்டு அத்தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒக்கிக்குப் பின் கடற்கரைக் குடும்பங்கள் பட்ட துயரங்களுள் வெளியே அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. கடல் பலரது உடலைத் திருப்பித் தரவில்லை. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எச்செய்தியும் இல்லாதிருந்தால்தான் அவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஒக்கியில் காணாமற்போனோர் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காத்திராமல் இரு மாநில அரசுகளும் நிவாரணம் வழங்கின. ஆனால் எல்லா விபத்தும் ஒக்கி அன்று. ஒரு வள்ளம் கவிழ்ந்து ஒருவர் காணாமற்போனால் அரசாணை வராது. இத்தகைய நிலைக்காக, ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு தொகை வரம்பை வகுத்து, அதற்குட்பட்ட கணக்குகளில் காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை, கண்டறிய இயலவில்லை என்ற சான்று, ஈட்டுறுதிக் கடிதம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு பணத்தை வழங்க ரிசர்வ் வங்கி இடமளித்திருக்கிறது. வரம்புக்கு மேற்பட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

எவ்வழியாயினும், கணக்கில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் பாதை குறுகும். இறப்புச் சான்றும் உரிய படிவமும் கிடைத்த 15 நாள்களுக்குள் வங்கி தொகையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் நியமிக்கலாம், ஒருவருக்குப் பின் ஒருவராகவும் நியமிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் பின்னது மட்டுமே பொருந்தும். நியமனதாரர் பணத்தைப் பெறுபவரேயன்றி அதன் முழு உரிமையாளர் அல்லர். சட்டப்படியான வாரிசுகளுக்காக அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர். திருமணத்துக்கு முன் திறந்த கணக்கில் தாயின் பெயரே நியமனதாரராகத் தொடர்வதும், தாய் மறைந்த பின்னும் அப்பதிவு மாறாதிருப்பதும் கிளைகளில் நாம் அடிக்கடி காண்பவை. கணக்கு இருப்பதே மனைவிக்குத் தெரியாத வீடுகளும் உள. எந்த வங்கியில் எத்தனை கணக்கு, எந்தக் காப்பீடு என்ற விவரத்தை (இரகசிய எண்கள் நீங்கலாக) முன்சொன்ன தாளிலேயே எழுதி வைக்கலாம்.

பேரிடரை அடுத்து வரும் மோசடியைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின், முதலமைச்சர் நிவாரண நிதிக்கான கியூ.ஆர். குறியீட்டைத் தவறாகப் பயன்படுத்த வாய்ப்புண்டு என்று கருதிக் கேரள அரசே அம்முறையை விலக்கிக்கொண்டது. நிவாரணத் தொகைக்குப் பதிவு செய்யுங்கள், வெள்ள நிலவரம் அறியுங்கள் என்று கூறி வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் தொடவே கூடாது. இக்கட்டுரையில் கூறிய செயலிகளைக் கைப்பேசியின் அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே, வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்து, இறக்கிக்கொள்ள வேண்டும். நிவாரணம் கணக்கில் வந்து சேர எவரும் ஓ.டி.பி. கேட்பதில்லை. பணம் பறிபோனது தெரிந்தால் முதலில் 1930-ஐ அழைத்துவிட்டு, அடுத்து வங்கிக்குத் தெரிவிக்கலாம். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் முடக்குவதற்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரமே உகந்தது.

நியமனதாரர் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ விரும்புவோர் வங்கிச் செயலியிலேயே அதைச் செய்யலாம். திறன்பேசி இல்லாதவர்கள் கணக்குப் புத்தகத்துடன் எந்தக் கிளைக்கும் வரலாம். பாறசாலைக் கிளையில் திறந்த கணக்குக்கு மார்த்தாண்டத்தில் வந்து கேட்டாலும் படிவம் கிடைக்கும்.